குறைமாதக் குழந்தைக்கு மருத்துவமனையில் வந்த தொற்று: நான் தொட்டதுதான் காரணமா?

கேள்வி (குழந்தையின் தாய்):
வணக்கம். என் மகள் 31 வாரத்தில் 1,350 கிராம் எடையுடன் பிறந்து, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். ஒன்பதாம் நாள் வயிறு உப்பி, மூச்சு விட்டுவிட்டு நின்றது. இரத்தப் பரிசோதனையில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் உள்ளே போய்த் தொட்டதால்தான் வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியதிலிருந்து அவளருகே போகவே கை நடுங்குகிறது. பிறக்கும்போது இல்லாத தொற்று எப்படி வந்தது?

பதில் (செவிலியர்):
சகோதரி, அந்தப் பழியைத் தயவுசெய்து சுமக்காதீர்கள். தாயின் நோய் எதிர்ப்புப் பொருளில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குச் செல்கிறது. 31 வாரத்தில் பிறந்தவளுக்கு அது முழுமையாகக் கிடைத்திருக்காது. தோலோ, பிளாஸ்திரியைப் பிரித்தாலே உரிந்துவரும் அளவுக்கு மெல்லியது. அந்த உடலில் இரத்தக்குழாயில் செருகிய குழாயும் வென்டிலேட்டர் குழாயும் கிருமிக்குத் திறந்த வாசல்கள். அவை உள்ளே இருக்கும் நாட்கள் கூடக் கூட ஆபத்தும் கூடும். ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுபோவது பெரும்பாலும் எங்களைப் போன்ற பணியாளர்களின் கைகளே. ஓரிரவில் ஒருவரே பத்துக் குழந்தைகளைப் பார்க்கும்போது, அலாரம் அடித்ததும் கையைச் சுத்தம் செய்யாமல் ஓடிவிடும் நேரமும் வந்துவிடுகிறது. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

பதில் (குழந்தை மருத்துவர்):
செவிலியர் சொன்னது சரி. அனுமதித்து 48 மணி நேரத்திற்குப் பின் தோன்றும் தொற்றையே பொதுவாக மருத்துவமனைத் தொற்று என்கிறோம். டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்விலும், பச்சிளங்குழந்தைகளின் தொற்றுகளில் அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு கிருமியும் கிளெப்சியெல்லாவுமே முன்னணியில் இருந்தன. பல மருந்துகளுக்கு அவை கட்டுப்படவில்லை. தேவையின்றி நீட்டிக்கப்படும் ஆன்டிபயாட்டிக்கும் ஓர் ஆபத்துக் காரணியே. "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று தினமும் காலையில் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பதில் (ஒரு தந்தை):
எங்கள் மகன் 38 நாள் உள்ளே இருந்தான். பால் புகட்டும் பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போட்ட பிறகே என் மனைவி தாய்ப்பாலைப் பிழிந்து கொடுப்பார். வளையல், மோதிரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு, நகஇடுக்கையும் தேய்த்துக் கழுவிய பின் தொடுங்கள் அம்மா. குழந்தையின் நிலை சீரானதும் கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள மருத்துவரிடம் அனுமதி கேளுங்கள். அது தொற்றைக் குறைக்கும் என்று சொல்லித்தான் எங்களுக்கும் கொடுத்தார்கள்.