ரத்தம் ஏற்றாமல் உறுப்பு மாற்று: ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னும் பின்னும்

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்

மத நம்பிக்கையால் ரத்தம் ஏற்க மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான யெகோவாவின் சாட்சிகள் "ரத்தம் வேண்டாம்" என்று சொன்னதும் அதை ஒரே வரியாகக் கேஸ் ஷீட்டில் எழுதி முடித்துவிடாதீர்கள். முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, பிளாஸ்மா இவை கிடையாது. முன்கூட்டியே எடுத்துச் சேமித்து வைத்த சொந்த ரத்தமும் நீண்ட காலம் கிடையாது என்றே இருந்தது; இப்போது அதை நோயாளியிடமே கேளுங்கள். அல்புமின், இம்யூனோகுளோபுலின், ஃபைப்ரினோஜன் போன்ற, பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த புரதங்கள், செல் சேவர் (அறுவையில் கசியும் ரத்தத்தை உறிஞ்சிக் கழுவித் திருப்பித் தரும் இயந்திரம்), டயாலிசிஸ், இதய-நுரையீரல் இயந்திரம் ஆகியவை அவரவர் மனசாட்சிக்கு உரியவை. அண்ணன் அல்புமினை ஏற்றுக்கொள்வார், தம்பி மாட்டார். அதனால் ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லிக் கேட்டு, பக்கத்திலேயே கையெழுத்து வாங்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள். உறவினரோ சபை மூப்பரோ அருகில் இருந்தால் பதில் யாருடையது என்று தெரியாமல் போகும். "உயிர் போகும் நிலை வந்தாலும் இதே பதில்தானா?" என்ற கேள்வியை நேராகவே கேட்க வேண்டும்.

உறுப்பை ஏற்பது பற்றி அவர்களுடைய நிலையே மாறியிருக்கிறது. 1967இல் அதை ஏற்காத கருத்து வெளியானது. 1980இல் அதுவும் மனசாட்சிக்கு விடப்பட்டது. வயதான சிலர் பழைய நிலைதான் இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டு வருவார்கள்.

கண்ணில் படாமல் நழுவும் பொருள்களும் உண்டு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியில் சில தயாரிப்புகளில் அல்புமின் கலந்திருக்கும். கசிவை அடைக்கும் ஃபைப்ரின் பசை மனிதப் பிளாஸ்மாவிலிருந்து வருவது. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும், முயலிலிருந்து எடுக்கும் தைமோசைட் எதிர்ப்பு குளோபுலினும் இம்யூனோகுளோபுலின்தான். பார்மசியில் உட்கார்ந்து லேபிளைப் படித்துவிட்டுத்தான் பட்டியலை முடிக்க வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர்

மேலே சொன்ன பட்டியல் கைக்கு வந்த அன்றே ஹீமோகுளோபினை ஏற்றும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இந்த அறுவையின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தியேட்டருக்கு முந்தைய வாரங்கள்தான்.

இரும்புக் கணக்கு: எடையை, வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்டுங்கள். 60 கிலோ எடை, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராமிலிருந்து 14க்குப் போக வேண்டும் என்றால் 1,220 மி.கி. இதை மாத்திரையில் கொடுத்து எட்ட முடியாது, சிரை வழி ஊசிதான். எரித்ரோபாய்டினைத் தோலுக்கடியில் வாரம் மூன்று முறை கொடுப்பது வழக்கம். இரும்பு இல்லாமல் அதை மட்டும் கொடுத்தால் மருந்துதான் வீண். பி12, ஃபோலேட் குறைவையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணு சில நாள்களிலேயே ஏறத் தொடங்கும், ஹீமோகுளோபின் ஏற வாரங்கள் ஆகும். ஏற்றம் அதிகமானால் ரத்தம் கட்டும் ஆபத்து வரும். மாற்றிவைத்த கல்லீரலின் தமனி அடைபட்டால் உறுப்பே போய்விடும் என்பதால் இலக்கு எண்ணைத் தாண்டவே கூடாது.

அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: மத நம்பிக்கையால் ரத்தம் மறுத்து, அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் 8 அல்லது அதற்குக் கீழே போன 300 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளியானது. 7.1 முதல் 8 வரை இருந்தவர்களில் யாரும் இறக்கவில்லை. 4.1 முதல் 5 வரை இறங்கியவர்களில் 34.4 சதவீதம் பேர் இறந்தார்கள். 8க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் உயிருக்கான ஆபத்து இரண்டரை மடங்கு ஏறுகிறது.

கல்லீரல் அறுவை மருத்துவர்

லாஸ் ஏஞ்சலஸில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 1999இல் உயிருள்ள கொடையாளரின் கல்லீரல் பகுதியை யெகோவாவின் சாட்சி ஒருவருக்கு ரத்தப் பொருள் எதுவுமின்றிப் பொருத்தியது. 2004இல் வந்த அவர்களுடைய அறிக்கையில் 38 அறுவைகளில் 8 இப்படிப்பட்டவை. உயிருள்ள கொடையாளர் என்றால் தேதியை நாமே குறிக்கலாம். ஹீமோகுளோபின் ஏறும் வரை காத்திருக்க முடிவதுதான் இதன் பெரிய பலம்.

பழைய கல்லீரலைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில்தான் அதிகம் கசியும். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, வயிற்றுக்குள் எங்கும் சிரைகள் புடைத்திருக்கும். மைய சிரை அழுத்தத்தை (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைக்கச் சொல்லி மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2 என்று பார்த்ததும் பயந்துவிடக் கூடாது. பிளாஸ்மாவைக் கொட்டினால் கன அளவு ஏறி, அழுத்தம் ஏறி, இன்னும் கசியும். ரத்தம் ஏற்கும் நோயாளிகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்த இடம் ரத்த ஓட்டத்தைத் திறக்கும் நேரம். உறுப்பைக் குளிரில் பாதுகாத்து வைக்கும் விஸ்கான்சின் கரைசலில் பொட்டாசியம் லிட்டருக்கு 125 மில்லிமோல் அளவில் இருக்கும். அது இதயத்தை எட்டினால் ஆபத்து என்பதால், அதை வெளியேற்ற நோயாளியின் ரத்தத்தையே கல்லீரல் வழியாக ஓடவிட்டு, சில நூறு மி.லி.யை வெளியே விடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இந்த நோயாளிகளிடம் அதைச் செய்யாதீர்கள். பொருத்தும்போதே போர்ட்டல் சிரை வழியாகக் குளிர்ந்த உப்புக் கரைசலை ஓட்டிக் கழுவிவிடலாம். அல்புமின் சேர்ப்பதானால் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சிறுநீரகமானால் ஐஸ் மேசையிலேயே தமனிக்குள் கரைசலை ஏற்றி, ஹைலத்தில் (ரத்தக் குழாய்கள் உள்ளே நுழையும் இடம்) எங்கே பீறிடுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கட்டிவிடுங்கள்.

பெர்ஃபியூஷனிஸ்ட் (உடலுக்கு வெளியே ரத்தத்தைச் சுற்றவிடும் இயந்திரங்களை இயக்குபவர்)

செல் சேவரின் குழாய் தொடக்கத்திலிருந்தே நோயாளியின் சிரையோடு இணைந்திருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். ரத்தம் உடலோடு தொடர்பு அறாமல் சுற்றி வருவதுதான் அவர்களுக்கு முக்கியம். பையைக் கழற்றி மேசையில் வைத்த நொடியில் சம்மதம் போய்விடும். வயிற்று நீரை வேறு சக்ஷனில் முதலில் எடுத்துவிடுங்கள். சக்ஷன் அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போனால் சிவப்பணு உடையும். பஞ்சைப் பிழிந்து தூக்கி எறியாமல் சலைனில் அலசி அந்த நீரையும் உறிஞ்சுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: கழுவித் திரும்புவது சிவப்பணு மட்டுமே, தட்டணுவும் உறைகாரணிகளும் போய்விடும்.

அறுவையின் தொடக்கத்தில் ரத்தத்தை எடுத்து, உடலில் உள்ளதைத் திரவம் விட்டு நீர்க்கச் செய்து, எடுத்ததைப் பின்னர் திருப்பிக் கொடுக்கும் முறையின் கணக்கு: 70 கிலோ என்றால் ரத்தம் சுமார் 4,900 மி.லி. ஹீமடோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 45இலிருந்து 30க்கு இறக்க, வித்தியாசமான 15ஐ சராசரியான 37.5ஆல் வகுத்து 4,900ஆல் பெருக்கினால் 1,960 மி.லி. ஏற்கெனவே சோகை உள்ளவரிடம் இதைச் செய்வதில் லாபமே இல்லை.

ஐசியூ செவிலியர்

பரிசோதனைக்கென்றே தினம் 40 முதல் 70 மி.லி. ரத்தம் ஐசியூவில் போகிறது. குழந்தைகளுக்கான சிறு குழாயில் எடுத்தால் இது கணிசமாகக் குறையும். தமனி லைனில் மூடிய அமைப்பு போட்டால் முதலில் இழுப்பதையும் கொட்ட வேண்டியதில்லை. "தினமும் காலை" என்ற நிரந்தர உத்தரவை ரத்து செய்யச் சொல்லுங்கள். எடுத்த ஒவ்வொரு மி.லி.யும் சார்ட்டில் ஏற வேண்டும்.

ஹீமோகுளோபின் 4க்கு இறங்கினால் மயக்கத்தில் வைத்து, வென்டிலேட்டரில் முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமப்பது 5.4 மி.லி. ஆக்சிஜன்தான், ஆக்சிஜன் அழுத்தம் 500 மி.மீ. பாதரசம் என்றால் பிளாஸ்மாவில் கரைந்திருப்பது 1.5 மி.லி. சாதாரண நேரத்தில் கணக்கிலேயே வராத அளவு, இங்கே உயிரைப் பிடித்து வைக்கும். காய்ச்சலும் நடுக்கமும் ஆக்சிஜனைத் தின்னும், விடாதீர்கள்.

சிறுநீரக மருத்துவர்

சிஸ்டர் சொன்னதற்குப் பிறகும் மாதக்கணக்கில் கவனம் வேண்டும். உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மைகோஃபினோலேட், வைரஸ் தொற்றுக்கான வால்கான்சைக்ளோவிர், கிருமித் தொற்றுக்கான கோட்ரைமாக்சசோல் மூன்றும் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையை அழுத்தும். மூன்றும் சேர்ந்தால் அணுக்கள் சரிவது ஆச்சரியமில்லை. தைமோசைட் எதிர்ப்பு குளோபுலின் தட்டணுவையும் இறக்கும். நிராகரிப்பு ஆபத்து குறைந்தவருக்கு அதற்குப் பதில் பாசிலிக்ஸிமாப் மருந்து போதும். பயாப்ஸிக்கு (திசுத் துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனை) முன் யூரியா ஏறியிருந்தால், கசிவைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம். அதற்கு முன் டயாலிசிஸ் தேவைப்பட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் இல்லாமல் ஓட்டி, முடிவில் குழாயிலும் டயலைசரிலும் தங்கும் ரத்தத்தைச் சலைன் விட்டு முழுதாகத் திருப்பிக் கொடுங்கள்.