கன்றுக்கு நிமோனியா: ஆன்டிபயாடிக்கோடு மெலாக்சிகாம் எதற்கு?

கேள்வி:
இரண்டு மாதக் கன்று. காய்ச்சல் 40.6 டிகிரி செல்சியஸ், மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கவில்லை. மருத்துவர் ஆன்டிபயாடிக்கோடு மெலாக்சிகாம் ஊசியும் போட்டார். கிருமியைக் கொல்ல ஒரு மருந்து இருக்கும்போது இது எதற்கு, வெறும் காய்ச்சலுக்கா?

பதில் 1:
காய்ச்சலுக்கு மட்டும் இல்லை. நுரையீரலுக்குள் போன கிருமியை எதிர்க்க வரும் வெள்ளணுக்களே அங்குள்ள திசுவையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன, நீர் கோக்கிறது, மூச்சு திணறுகிறது. ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் பார்க்கும், இந்த அழற்சியை நேரடியாக அடக்காது. மெலாக்சிகாம், ஃப்ளூனிக்சின், கீட்டோப்ரோஃபென் எல்லாம் காய்ச்சலையும் வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதைத் தடுப்பவை. காய்ச்சல் சீக்கிரம் இறங்கும், வலி குறையும், கன்று மறுபடி பாலுக்கு வரும். ஆனால் பாக்டீரியா நிமோனியாவுக்கு இது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதில் 2:
சரிதான். ஆனால் மறுநாள் உடம்பு சூடு இல்லை என்று ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விடுகிறார்களே, அதுதான் எரிச்சல்! சூட்டை இறக்கியது மெலாக்சிகாம் ஊசியாக இருக்கலாம், மூச்சு வேகத்தையும் பால் குடிப்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், கழிச்சலில் நீர் வற்றிய கன்றுக்கு இந்த வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்தால் இரைப்பையில் புண் வரும் ஆபத்து கூடும்.

கேட்டவர்:
நாளைக்கும் இதே ஊசி போடலாமா?

பதில் 1:
நீங்களாகப் போடாதீர்கள். மாட்டினத்துக்கு மெலாக்சிகாம் வழக்கமாக ஒரே ஊசி, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும். ஃப்ளூனிக்சின் சீக்கிரம் வெளியேறும், அதனால்தான் தேவைப்பட்டால் தினமும் போடுகிறார்கள்.