லண்டன் – லெஸ்டர் படகு: நடுவில் மாட்டுமா? அவசரம்

குமரன்_அக்ஸ்பிரிட்ஜ்: வணக்கம். லெஸ்டருக்கு வேலை மாறுகிறது. படகு வாங்கி அங்கேயே குடியிருக்கலாம் என்று பார்க்கிறேன். நாளை முன்பணம் கட்ட வேண்டும். கிராண்ட் யூனியன் கால்வாயில் லாக் (படகை ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவுள்ள நீர் அறை) எல்லாம் 14 அடி அகலம், நேராகப் போகலாம் என்கிறார் விற்பவர். நடுவில் மாட்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

மதகடி: படகு அகலம் எவ்வளவு?

துடுப்பு77: நீளமும் சொல்லுங்கள். எப்படியானாலும் சிக்கல் சுரங்கத்தில்தான். வழியிலுள்ள பிளிஸ்வொர்த் சுரங்கத்தில் அகலப் படகுக்கு முன்பதிவு வேண்டும். எதிரே இன்னொரு படகு வந்தால் விலக இடமிருக்காது.

குமரன்_அக்ஸ்பிரிட்ஜ்: அகலம் 10 அடி, நீளம் 57. சுரங்கத்துக்குப் பதிவு செய்துகொள்கிறேன். அப்போ போகலாம்தானே?

பழைய_கரை: தம்பி, கால்வாயின் பெயரை மட்டும் பார்த்துப் படகு வாங்குவார்களா? இதெல்லாம் அரிச்சுவடி. 1929இல் பல கம்பெனிகளை இணைத்து ஒரே பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். லெஸ்டர் வழியில் லாக் அகலம் அப்படியே இருக்கிறது. நார்ட்டன் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பினால் வாட்ஃபோர்டு லாக் வரும் (லண்டன் பக்கத்து வாட்ஃபோர்டு இல்லை). அகலம் 7 அடி. அதைத் தாண்டினாலும் ஃபாக்ஸ்டனில் அதே 7 அடி.

மதகடி: ஃபாக்ஸ்டனை ஒருமுறை நேரில் பாருங்கள் குமரன். பத்து லாக், ஐந்தைந்தாகப் படிக்கட்டு போல. ஒல்லியான நேரோபோட் நுழைந்தாலே இரண்டு பக்கமும் கை நுழைக்க இடமிருக்காது. படகின் பக்கவாட்டில் தொங்கும் ஃபெண்டரை (இடிதாங்கி) தூக்க மறந்தால், சுவருக்கும் படகுக்கும் நடுவே அதுவே ஆப்பாக இறுகிவிடும்.

துடுப்பு77: எல்லாம் அந்தக் காலக் கால்வாய்ப் பொறியாளர் பிரிண்ட்லி 7 அடி என்று வைத்ததால் வந்த வினை.

பழைய_கரை: பிரிண்ட்லி இறந்தது 1772இல். இந்த வழி திறந்தது 1814இல். அவரை ஏன் இழுக்கிறீர்கள்?

மதகடி: தண்ணீர்தான் காரணம். வாட்ஃபோர்டுக்கும் ஃபாக்ஸ்டனுக்கும் நடுவே மேலே 20 மைலுக்கு லாக்கே இல்லாத மட்டம், அதற்கு ஏரித் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். அகல லாக் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு தண்ணீர் கீழே போய்விடும்.

துடுப்பு77: அப்போ அதே வழியிலுள்ள கிரிக் சுரங்கத்தை ஏன் அகலமாக வெட்டினார்கள்? கடைசியில் அகல லாக் கட்டப் பணம் தீர்ந்திருக்கும்.

பழைய_கரை: சுரங்கத்தில் லாக் தண்ணீர் செலவாகுமா? யோசித்து எழுதுங்கள். அகலப் படகை ஏற்றத்தான் 1900இல் ஃபாக்ஸ்டனில் நீராவியால் இயங்கும் சாய்தளம் கட்டினார்கள். வாட்ஃபோர்டை அகலப்படுத்தாததால் அதனால் முழுப் பயன் கிடைக்கவில்லை. 1928இல் இயந்திரத்தைக் கழித்துக்கட்டினார்கள்.

குமரன்_அக்ஸ்பிரிட்ஜ்: முன்பணம் கட்டவில்லை. 6 அடி 10 அங்குலத்தில் ஒன்று பார்க்கிறேன். நன்றி.

மதகடி: நல்லது. அதன் நீளம்?

துடுப்பு77: 10 அடிப் படகையே லாரியில் ஏற்றி லெஸ்டரில் கிரேனால் இறக்கலாமே? ஃபாக்ஸ்டனுக்குக் கீழே லெஸ்டர் வரை அகல லாக்தான்.

பழைய_கரை: லாரிக்கும் கிரேனுக்கும் வாடகை விசாரித்தீர்களா?