மணி பிளான்ட் இலை வர வரச் சிறுத்துக்கொண்டே போகிறது, என்ன காரணம்?

கேள்வி – கொடிப்பந்தல்

வணக்கம். தொங்கு தொட்டியில் இரண்டு வருடமாக மணி பிளான்ட் வளர்க்கிறேன். கொடி ஆறடிக்குத் தொங்குகிறது. தொட்டியை ஒட்டிய இலைகள் உள்ளங்கை அகலம். நுனியில் இருப்பவை கட்டைவிரல் அளவுதான். இலைக்கு இலை நடுவே ஒரு விரல் நீளத்துக்கு வெறும் தண்டு. உரம் போட்டும் மாற்றமில்லை. அப்புறம், நல்ல இலைகளாக ஐந்தைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைத்தேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. ஏதாவது நோயா?

பதில் – பச்சைவிரல்

நோயெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். மணி பிளான்ட் உண்மையில் தொங்கும் செடியே இல்லை, ஏறும் செடி. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. பசிபிக் கடலிலுள்ள மோரேயா தீவுதான் சொந்த ஊர். காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு 20 மீட்டர் உயரம்கூட ஏறும். ஏற ஏற இலை பெருத்து, ஓரங்கள் கிழிந்து, ஒரு மீட்டர் நீளம் வரை வரும். நம் வீட்டில் இருப்பதெல்லாம் இளம்பருவ இலைதான். பற்ற இடம் கிடைக்காமல் தொங்கும் கொடி நீண்டுகொண்டே போகும், இலை சிறுக்கும். வெளிச்சமும் குறைந்தால் கணுவுக்குக் கணு இடைவெளி இன்னும் கூடும். உரத்தால் இது சரியாகாது. தென்னை நார் சுற்றிய ஒரு கம்பு நட்டு, கொடியை மேல்நோக்கிக் கட்டுங்கள். நாரை ஈரமாக வைத்தால் வேர் அதில் இறங்கும். நேர் வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள இடம் போதும்.

பதில் – கணுக்கணு

இலை துளிர்க்காததற்குக் காரணம் வேறு. காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். பழுப்பாகச் சின்ன முண்டு தெரியும், அதுதான் காற்றுவேர். காம்பின் அடிக்கவட்டில் தளிர்மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் கணுவில்தான் உண்டு. வெறும் இலையில் மொட்டு இல்லை, அதனால் எத்தனை மாதம் வைத்தாலும் கொடி கிளம்பாது. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு முங்கும்படி தண்ணீரில் வையுங்கள். வெட்டியதும் கை கழுவிவிடுங்கள். சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற, ஊசி போன்ற நுண்படிகங்கள் உண்டு, அரிக்கும். குழந்தையோ பூனையோ மென்றால் வாய் எரிந்து வீங்கும்.

கொடிப்பந்தல்

மிக்க நன்றி! இன்றே கம்பு நட்டுவிட்டேன். இன்னொரு சந்தேகம்: இது பூக்கவே பூக்காதா?

பச்சைவிரல்

தானாகப் பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தேவையான ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு இதனால் உண்டாக்க முடியவில்லை என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. அதை வெளியிலிருந்து தெளித்துப் பூக்கவும் வைத்தார்கள். செடியை வகைப்படுத்தப் பூ முக்கியம்; அதைப் பார்க்க முடியாததால் அறிவியல் பெயரிலும் குழப்பம். 1880இல் போத்தோஸ் என்ற இனத்தில் வைத்த செடி, பல இனங்களுக்கு மாறி, 1964இல்தான் எபிப்ரெம்னம் ஆரியம் ஆனது. ஆனாலும் பழைய பெயரை இன்னும் பலர் விடவில்லை.

கொடிப்பந்தல் – மூன்று மாதம் கழித்து

கணுவோடு வெட்டிய நான்கு துண்டுகளும் வேர் விட்டுவிட்டன. கம்பில் ஏறிய கொடியில் கடைசியாக விரிந்த இலை மறுபடியும் உள்ளங்கை அகலம். வேர் நாருக்குள் இறங்கிவிட்டது, இழுத்தாலும் வரவில்லை.