பிக்கப் (வேகமெடுக்கும் திறன்) போன பழைய கார்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சேலத்துக்காரன்:
ஏற்காடு மலை, பதினோராவது கொண்டை ஊசி வளைவு. 97 மாடல், கார்புரேட்டர் வண்டி. முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தியும் நத்தை மாதிரி ஊர்கிறது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்சீட்டில் இருந்த மாமியார், "மாப்பிள்ளை, நாங்க வேணா இறங்கி நடந்து வரட்டுமா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் போன மாதம்தான் மாற்றியிருந்தேன். மெக்கானிக் பார்த்துவிட்டு, "பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கும் சார், இன்ஜினை இறக்கிடலாம்" என்றார். மனசு கேட்கவில்லை. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு மகனை மிதிக்கச் சொன்னேன். அவன் முழுதாக மிதிக்கிறான், உள்ளே காற்றை விடும் த்ராட்டில் பாதிதான் திறக்கிறது! ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்திருக்கிறது. நட்டைத் திருகி இறுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தர்மபுரி ரோடு:
எனக்கு வேறு மாதிரி. தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் அலறுகிறது, வேகமுள் மட்டும் 40ஐத் தாண்ட மறுக்கிறது. லோடு லாரி ஒன்று என்னை முந்திப் போனது, கிளீனர் பையன் கை வேறு காட்டினான். அப்புறம்தான் அந்தக் கருகல் வாடை. இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் காலி. இன்ஜின் மேல் ஒரு குறையும் இல்லை.

ரிட்டயர்டு ஃபோர்மேன்:
சேலத்துக்காரரே, கேபிள் ஒரே நாளில் தளராது. மலைக்குப் போகும் முன் பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் சொல்கிறேன், எதையும் கழற்றும் முன் சில வேலைகள் உண்டு. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து வேக்குவம் கேஜ், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளக்கும் மீட்டர். நல்ல இன்ஜின் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) 17லிருந்து 21 பாதரச அங்குலம் காட்டும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் முள் நிலையாக நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் பக்கம் அடைப்பு. சமவெளியில் சரியாக ஓடி, மேட்டில் மட்டும் திணறினால் பெட்ரோல் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். கடைசியாகத்தான் சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இதெல்லாம் பார்க்காமல் இன்ஜினை இறக்கு என்கிறவர் கடைப் பக்கமே போகாதீர்கள்.

என் வண்டியில் சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தது. ராத்திரியில் குனிந்து பார்த்தால் அடியில் செக்கச்செவேல் என்று இருந்தது. அவ்வளவுதான்.

சேலத்துக்காரன்:
ஐயா, ஒரே நாளில் தளர்ந்தது என்று நான் எங்கே சொன்னேன்? கொஞ்சம் கொஞ்சமாகத் தளர, நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாக மிதித்துப் பழகிவிட்டேன். ஊருக்குள் ஓட்டும்போது தெரியவே இல்லை.

மதுரை பழைய பஸ் ஸ்டாண்ட்:
இதையெல்லாம் படித்துவிட்டு வயிறு எரிகிறது. 2019இல் நானும் இதே பிக்கப் பிரச்சினைக்கு 42,000 ரூபாய் கொடுத்து இன்ஜின் வேலை பார்த்தேன். சிலிண்டர் போர், பிஸ்டன், ரிங், எல்லாம். வண்டி பறந்தது. சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக், "அப்புறம் சார், பெட்ரோல் ஃபில்டரும் கரியா அடைச்சுக் கிடந்துச்சு, அதையும் மாத்திட்டேன்" என்று போகிற போக்கில் சொன்னார்.

கழற்றிய பிஸ்டன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை.