ஐப்பசி இடியும் மாடி ஆன்டெனாவும்: உங்கள் அனுபவம் என்ன?

கடலோரத்தான்
1982-ல் இலங்கையில் ரூபவாஹினி டி.வி. வந்ததும், எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில் ஆன்டெனா நிறுத்தும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்குக் கிராக்கி வந்தது. நடுவில் கடல்தானே, பைப்பை உயர்த்த உயர்த்தப் படம் தெளியும். எர்த் (மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. மாமா வீட்டில் பைப் மொட்டை மாடிச் சுவரில் கிளாம்ப் போட்டு நின்றது, மண்ணோடு தொடர்பே கிடையாது. ஒரு ஐப்பசி மாலை, இடி தூரத்தில்தான் கேட்டது. டி.வி.யிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஆன்டெனா பட்டை ஒயரின் முனையிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ‘டிக், டிக்’ என்று நீலப் பொறி தாவியது. அத்தை பிள்ளைகளை அடுப்படிக்கு விரட்டிவிட்டார்.

வயர்மேன்
அது மின்னல் விழுந்ததல்ல. மேகத்தால் பைப்பில் சேர்ந்த மின்னேற்றம் இறங்க வழி தேடியிருக்கிறது. எர்த் இருந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். நேராக விழும் மின்னலை இந்த எர்த் மட்டும் தாங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வேலைக்குப் போகும் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. ஆன்டெனாவுக்கென்று தோட்டத்தில் தனியாக ஒரு கம்பி அடித்திருப்பார்கள், வீட்டு மெயின் எர்த்தோடு சேர்த்திருக்க மாட்டார்கள். எர்த்தே இல்லாததைவிட இதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். ஆன்டெனா சாக்கெட் ஒரு பக்கம், பவர் பிளக் மறு பக்கம், நடுவில் மாட்டுவது டி.வி.! இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்தே ஆக வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன்பே எர்த் பிளாக் (கேபிளை எர்த்தோடு சேர்க்கும் இணைப்பான்) வைத்து, கேபிளின் உலோக மேல்பின்னலையும் அதே எர்த்தில் சேருங்கள். எர்த் கம்பியைச் சுருட்டாமல், மடக்காமல் நேராக இறக்குங்கள். மண்ணில் பைப்பை இறக்கிப் போடும் பைப் எர்த் என்றால், எர்த்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சொல்வது குறைந்தது 2.5 மீட்டர் நீளம். முழ நீளக் கம்பியை அடித்துவிட்டு எர்த் என்று சொல்வதெல்லாம் சும்மா.

மாடிவீடு
டி.டி.எச். டிஷ்ஷுக்கும் இதேதானா?

வயர்மேன்
அதேதான், உயரம்தான் குறைவு. அப்புறம், பழைய பைப்பை இறக்கும்போது ஈ.பி. லைன் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். சாய்ந்தால் லைனைத் தொடும் என்றால் நீங்களாக இறக்க வேண்டாம். ஒயரைக் கழற்றுவதாக இருந்தால் வானம் இருட்டும் முன்பே கழற்றுங்கள். இடி கேட்ட பிறகு அதில் கை வைக்காதீர்கள்.