சோலார் பேனல்: ஐந்து கிலோவாட் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

மாடிவீட்டுக்காரி (கேள்வி):

மொட்டை மாடியில் சோலார் பேனல் போடும் யோசனை இருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு கருத்து. தம்பி கண்ணை மூடிக்கொண்டு போடு என்கிறான். அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் வட்டியாவது வரும் என்கிறார் கணவர்.

எங்கள் நிலவரம் இதுதான். மாதம் ஏறக்குறைய 400 யூனிட் ஆகிறது. நாங்கள் இருவரும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்பும்போது இருட்டிவிடும். பகலில் மாமியார் மட்டும் இருப்பார். ஒரு மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, அவ்வளவுதான். மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் மாலைக்கு மேல்தான் செலவாகிறது, முக்கியமாக இரவு ஏசிக்கு. மாடியின் மேற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கிழக்குப் பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது.

விசாரித்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். மாடிக்கே ஏறவில்லை. கைபேசியில் எங்கள் வீட்டின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஐந்து கிலோவாட் போடுங்கள், கட்டணத்தையே மறந்துவிடலாம், 25 ஆண்டு உத்தரவாதம்" என்றார். மின்வெட்டுத் தொல்லை தீரும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆசை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பகலவன்:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? வெயில் இலவசம், பேனலுக்கு எரிபொருள் வேண்டாம், சத்தம் இல்லை. மின்கட்டணம் ஏறுமே தவிர இறங்கப் போவதில்லை. போட்டுவிடுங்கள்.

திருப்புளி:

சகோதரி, பேனல் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஆகவே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் மாடிக்கு ஏறாமல் ஐந்து கிலோவாட் என்று சொன்னவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெயில் எவ்வளவு விழுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. பேனல் தரும் மின்சாரத்தில் எவ்வளவு அதே நேரத்தில் வீட்டுக்குள் செலவாகும், மிச்சத்தை மின்வாரியம் என்ன கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதுதான் முதல் கேள்வி. கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக இரவில் அதே அளவு யூனிட்டைக் கழித்துக்கொள்ளும் முறை நெட் மீட்டரிங். அது உங்களுக்குக் கிடைத்தால் மின்வாரியக் கம்பியே உங்கள் பேட்டரி. பகலில் வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் நட்டமில்லை. நெட் பில்லிங் என்றால் கதை வேறு. அனுப்பும் யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கும் யூனிட்டுக்கு வேறொரு விலை. பெரும்பாலும் அனுப்புவதற்குக் குறைந்த விலைதான்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஆண்டுச் சராசரியாக ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஐந்து கிலோவாட் என்றால் மாதம் 600 யூனிட். பகலில் நீங்கள் செலவழிப்பது 130 என்று வையுங்கள். மிச்சம் 470 வெளியே போகிறது. அனுப்பும் யூனிட்டுக்கு வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்றால் அந்த 470-இன் மதிப்பு 157 யூனிட். ஆக 600 யூனிட் விளைந்தும் கைக்கு வருவது 287 யூனிட்டின் பலன். இதையே மூன்று கிலோவாட்டுக்குப் போடுங்கள்: விளைவது 360, வீட்டுக்கு 130, வெளியே 230, அதன் மதிப்பு 77, மொத்தம் 207. அதாவது முதல் மூன்று கிலோவாட் ஒவ்வொன்றும் மாதம் 69 யூனிட் பலன் தருகிறது. அடுத்த இரண்டும் ஆளுக்கு 40 தான். அந்த இரண்டின் விலை மட்டும் குறையப் போவதில்லை. விற்பவர் இந்தக் கணக்கைத் தானாகப் போட்டுக் காட்ட மாட்டார்.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. மொத்தச் செலவை ஆண்டு மிச்சத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று தெரியும். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். அது தேய்ந்தால் புதிதாகப் போடும் செலவையும் அதில் சேருங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டர் பொதுவாக 10 முதல் 15 ஆண்டு வரைதான். 25 ஆண்டு உத்தரவாதம் என்கிறார்களே, அது பெரும்பாலும் உற்பத்தித் திறனுக்கான உத்தரவாதம். அத்தனை ஆண்டு கழித்தும் தொடக்கத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் தரும் என்பது அதன் பொருள். கண்ணாடியோ சட்டமோ கெட்டால் மாற்றித் தருவதற்குத் தனி உத்தரவாதம். அதன் காலம் குறைவாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

மின்வெட்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். மின்வாரிய இணைப்போடு ஓடும் சாதாரண இன்வெர்ட்டர், மின்சாரம் போன நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் மேல் உங்கள் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் மாடி நிறையப் பேனலை வைத்துக்கொண்டு விசிறி ஓடாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. மின்வெட்டு நேரத்திலும் வேண்டும் என்றால் மின்வாரிய இணைப்போடும் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. இரவு ஏசி முழுவதையும் பேட்டரியில் ஓட்டும் ஆசை வேண்டாம். உங்களுக்கு மாலைக்கு மேல் நாளொன்றுக்கு 9 யூனிட் ஆகிறது, அதற்கான பேட்டரி பேனல் விலைக்குப் போட்டியாக வந்து நிற்கும். விளக்கு, விசிறி, இணைய மோடம் ஆகியவற்றுக்குத் தனி இணைப்பு பிரித்து, அதற்கு மட்டும் சிறிய லித்தியம் பேட்டரி வையுங்கள்.

அடுத்தது நிழல். தண்ணீர்த் தொட்டி மேற்கில் என்கிறீர்கள், பிற்பகலில் அதன் நிழல் எங்கே விழுகிறது? பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு கட்டங்களான செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் மறைந்தால் அந்த வரிசையே முடங்கும். மின்சாரம் அந்த வரிசையைத் தாண்டிச் செல்ல டயோடு என்ற சிறு பாகம் இருந்தாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சென்ற மாதம் ஒரு வீட்டில் பார்த்தேன்: பறவை எச்சம் பல மாதமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தால் அடியில் அந்த ஒரு செல் மட்டும் பழுப்பேறி, அதன் மேலே ஓடும் வெள்ளிக் கோடு கருகியிருந்தது. மறைந்த செல் மின்சாரம் தராமல் சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

கிழக்கே காலி மனை என்றீர்களே, அங்கே நாளை யாராவது மூன்று மாடி கட்டினால் உங்கள் காலை வெயில் போயிற்று. அதையும் மனதில் வைத்து இடம் பாருங்கள்.

மேல்தளம்:

திருப்புளி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: தளம். விரிசலோ நீர்க்கசிவோ இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். மேலே சட்டம் ஏறிய பிறகு அடியில் பூச்சு வேலை செய்ய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தளத்தைத் துளைத்துப் பதிக்கிறார்களா, கான்கிரீட் கட்டைகளின் பாரத்தில் நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். பாரத்தில் நிறுத்தினால் புயல் காற்றுக்குத் தாங்குமா என்பதற்கும் பதில் வாங்குங்கள். பேனலைத் துடைக்க ஆள் நடக்க வழி விடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த வழி இல்லை. ஒவ்வொரு முறையும் நீண்ட கம்பில் துணி கட்டி சர்க்கஸ்தான்.

ஓர் உபரி லாபமும் இருக்கிறது. பேனல் மாடிக்கு நிழல் கொடுப்பதால் மேல் அறையில் வெக்கை குறைகிறது.

மாடிவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மின்வாரியத்தில் விசாரித்தேன், எங்களுக்கு நெட் பில்லிங்தானாம். மாமியாரிடம் மணிக்கொரு முறை மாடியில் நிழலின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொன்னேன். அவருக்கு இது பிடித்துப்போய், கோட்டருகே மணியையும் எழுதி வைத்திருக்கிறார். மூன்று மணிக்கு மேல் தொட்டியின் நிழல் மாடியில் பாதியைத் தின்றுவிடுகிறது. கிழக்குப் பாதியில் மட்டும் போட்டால் போதுமா? வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டாரையும் பகலுக்கு மாற்றினால் பயன் உண்டா?

திருப்புளி:

மாமியாரை என்னிடம் வேலைக்கு அனுப்புங்கள்!

கிழக்குப் பாதி போதும். மூன்று கிலோவாட்டுக்கு வரிசை இடைவெளியோடு 30 சதுர மீட்டர் இருந்தால் தாராளம். ஆனால் சுண்ணக்கட்டிக் கோடு இந்த மாத நிழலைத்தான் காட்டும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போகும்போது நிழல் இன்னும் நீளும், கைப்பிடிச் சுவரின் நிழலும் சேர்ந்துகொள்ளும். ஆண்டு முழுவதற்குமான நிழல் கணக்கை நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். அதற்கு மென்பொருள் இருக்கிறது. சூரியன் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று இழுப்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் தாராளமாகப் பகலுக்கு மாற்றுங்கள். வெளியே மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் போகும் யூனிட் வீட்டுக்குள் முழு விலைக்கு உழைக்கும். வெந்நீர் ஹீட்டர் இருந்தால் அதற்கு டைமர் போட்டு நண்பகலில் ஓடவிடுங்கள். அது பெரிய தீனிக்காரன். பகல் பயன்பாட்டை 200 யூனிட்டுக்கு ஏற்றிவிட்டால் அதே மூன்று கிலோவாட்டின் பலன் 207-இலிருந்து 250-ஐத் தாண்டும்.

இன்னொன்று: நண்பகலில் மீட்டர் மூன்று கிலோவாட் காட்டவில்லை என்று பதறாதீர்கள். பேனலின் மேல் எழுதிய எண் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. வெயிலில் பேனலின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் இறங்கும். அதனால்தான் அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுகிறோம். மதிப்பீடு வந்ததும் அதில் இன்வெர்ட்டர் வகை, மின்னல் பாதுகாப்பு, எர்த்திங் ஆகிய மூன்று வரிகளையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.